கொஞ்சம் சோம்பேறியா இரு பேராண்டி

ஜெர்மனி சோலிங்கன் சவரக்கத்தி வாங்கியிருக்கியாமே? சந்தோசம். தாடி இன்னும் ரெண்டு பக்கமும் கூடி வரல, அதுக்குள்ள ஆயுதம் வந்து சேர்ந்திருச்சு. கூடவே மூணு தீட்டுக்கல்லு, ரெண்டு தோல் வார், வாருல பூச ஒரு டப்பி பச்சை மசி. உங்க அத்தை கல்யாணத்துக்குக்கூட நாங்க இவ்வளவு சீர் வைக்கல.

ராத்திரி பூரா திண்ணையில சரக்கு சரக்குன்னு ஒரே சத்தம். நம்ம நாய்கூட எந்திரிச்சு அடுத்த வீட்டுக்குப் படுக்கப் போயிருச்சு. புதுக் கத்தி எல்லாம் வழிக்கிற பதத்துல வராது தாத்தாங்கிற. சரி, நிறைய கத்தி வராதுதான். ஒரு தடவை கல்லுல போட்டா முடிஞ்சுது. நீ தினமும் போடுறியே, அதுக்கு என்ன வேண்டுதல்?

இந்தக் கையால நல்லூர்ல பாதி மோவாயை வழிச்சவன் நான். மீதிப் பாதி வேப்பூருக்குப் போய் வழிச்சுக்கிட்டாங்க, அது வேற கதை. அந்த உரிமையில சொல்றேன்: மழுங்கிச் செத்த கத்தியைவிட, தீட்டித் தீட்டியே செத்த கத்திதான் ஜாஸ்தி. கல்லுங்கிறது இரும்பைத் தின்னுற சாமான். கத்தி ஒரு படி கூர் ஏறுதுன்னா, ஒரு படி தேய்ஞ்சு போச்சுன்னு அர்த்தம். உன் வேகத்துல போனா அடுத்த ஆடி மாசம் உன் கையில பிடி மட்டும்தான் மிஞ்சும். அதை வச்சு முதுகு சொறிஞ்சுக்கலாம்.

சவரம் பண்ணினதும் கத்தி வாய் தேய்ஞ்சு போயிடாது. பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு லேசா மடங்கும். மடங்கினதை நிமித்துறதுக்குத்தான் தோல் வார். அதனால தினமும் தோலு, எப்பவாவது கல்லு. வாரை முறுக்கா இழுத்துப் பிடி, கத்தியைப் படுக்க வை, முதுகு முன்னால போவட்டும், வாய் பின்னால வரட்டும். கடைசிக்குப் போனதும் முதுகு மேலயே புரட்டு. வாய் மேல புரட்டினியோ, ஒரே இழுப்புல வாரு ரெண்டு துண்டு. அந்தக் காலத்துல உள்ளங்கையிலயே நாலு இழுப்பு இழுத்துக்கிட்டு வேலையைத் தொடங்குவோம். நீ அதை மட்டும் செஞ்சு பார்த்துடாத, விருத்தாசலம் பெரியாசுபத்திரியில ஏற்கெனவே கூட்டம்.

கல்லுல போடும்போது எல்லாம் தலைகீழ். அங்க வாய்தான் முன்னால போவணும். முதுகும் வாயும் ஒரே நேரத்துல கல்லைத் தொட்டுக்கிட்டே இருக்கணும். கோணம் என்ன, டிகிரி என்னன்னு போன்ல பார்த்துக்கிட்டு இருந்தியே, அந்தக் கணக்கை எல்லாம் கத்தி அடிச்சவன் முதுகோட தடிமன்லயே போட்டு வச்சிட்டான். முதுகைத் தூக்காம இருக்கிறது ஒண்ணுதான் உன் வேலை. படிச்சவங்களுக்கு அதுதான் ரொம்பக் கஷ்டம், எதையாவது தூக்கிப் பார்க்கணும்.

கத்தியிலயும் குணம் உண்டு. கொல்லுப்பட்டறையில அடிச்ச நாட்டுக் கத்தி முதுகு தடிச்சு, ரெண்டு பக்கமும் சப்பையா ஆப்பு வாட்டத்துல இருக்கும். அதோட மேனி முழுக்க கல்லுல உரசும், அதனால நேரம் பிடிக்கும், பொறுமை வேணும். உன் ஜெர்மனிக் கத்திக்கு வயிறு குழிஞ்சிருக்கு. வாய்ப்பக்கம் அவ்வளவு மெலிசு. கன்னத்துல போகும்போது சன்னமா பாடும். அதை அழுத்தித் தீட்டினா மெலிசான இரும்பு வளைஞ்சு கொடுக்கும், எங்க உரசணுமோ அங்க உரசாது. கத்தியோட பாரமே போதும், உன் பாரம் வேணாம். ஜப்பான்காரன் கத்தி மடங்காது, பிடியும் கத்தியும் ஒரே துண்டு. அதுல ஒரு பக்கம் மாதிரி இன்னொரு பக்கம் இருக்காது. ரெண்டு பக்கத்தையும் சரிசமமா தீட்டுறேன்னு நியாயம் பேசினா கெட்டுப்போகும். நல்லவேளை, அதை நீ இன்னும் வாங்கல. வாங்காத.

பழைய கத்தியை வாங்குறதா இருந்தா, வேப்பூர் சந்தையில ஆட்டுப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கிற மாதிரி வாயை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கணும். முதுகு ஒரே பக்கமா தேய்ஞ்சிருந்தா, உன்ன மாதிரி ஒருத்தன் ஏற்கெனவே வச்சிருந்தான்னு புரிஞ்சுக்க.

சீமைக் கத்தின்னா ஒரு காலத்துல இங்கிலாந்து ஷெஃபீல்டுதான். அந்த ஊரு எஃகுல நம்ம கடலூர் ஜில்லாவுக்கும் பாத்தியதை உண்டு, தெரியுமா? 1830 வாக்குல ஜோசையா மார்ஷல் ஹீத்னு ஒரு வெள்ளைக்காரன் பரங்கிப்பேட்டையில இரும்பாலை போட்டான். ஆலையால அவனுக்குச் சம்பாத்தியம் இல்ல. சீமைக்குத் திரும்பினவன், எஃகு உருக்கையில மாங்கனீசு சேர்க்கிற முறைக்கு 1839ல காப்புரிமை வாங்கினான். ஷெஃபீல்டு எஃகு மலிவாச்சு, முதலாளிங்க செழிச்சாங்க. இவனுக்குச் சேர வேண்டியது மட்டும் ஒழுங்கா வந்து சேரல. கோர்ட்டு கோர்ட்டா அலைஞ்சு 1851ல செத்துப் போனான். போறதுக்கு முன்னாடி நம்ம மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் சாமிகிட்ட ஒரு பிராது எழுதிக் கட்டிட்டுப் போயிருந்தா வசூலாயிருக்கும். யார் சொல்லிக் கேட்டான்?

கல்லுக்கு வருவோம். விருத்தாசலம் செராமிக்கு ஊராச்சே, பீங்கான் கோப்பையைக் கவுத்து அடி வளையத்துல தேய்ச்சா கூர் வருமாமேன்னு நேத்து உங்க ஆத்தாகிட்ட கேட்டியாம். வரும். மெருகு ஏறாத அந்த வளையம் சொரசொரன்னு இருக்கும், அருவாமனைக்கும் காய்கறிக் கத்திக்கும் நல்லாவே கேட்கும். சவரக்கத்தியை அதுல வச்சா வாயெல்லாம் பல்லு பல்லா போயிடும். அதுக்கப்புறம் அதால தேங்காய்தான் துருவணும். ஆனா ஒண்ணு, சூளைக்கும் சாணைக்கும் உறவு இல்லைன்னு நினைச்சுடாத. கம்பெனிச் சாணைச்சக்கரத்துல பெரும்பாலும் கார்பொரண்டம் மாதிரி கெட்டித் தூளைக் களிமண்ணோட பிசைஞ்சு சூளையில சுட்டுத்தான் எடுக்கிறாங்க. நம்மூர் அகல் விளக்குக்கும் ஃபியூஸ் கட்டைக்கும் அது பங்காளி முறை. அதுக்கு முந்தி சாணை பிடிக்கிறவங்க குருந்தக்கல் தூளை அரக்குல குழைச்சுச் சக்கரம் செஞ்சாங்க. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி வட்டாரத்துல குருந்தம் நிறைய. சைக்கிளை மிதிச்சுக்கிட்டு சாணை பிடிக்க ஒருத்தர் தெருவுல வருவாரு பாரு, அவர்கிட்ட அருவாளைக் கொடு, கத்திரிக்கோலைக் கொடு. உன் ஜெர்மனிக்காரனை மட்டும் கொடுத்துடாத. சூடேறி வாய் நீலம் பாஞ்சுதுன்னா பதம் போச்சு, எந்தக் கல்லும் அதைத் திருப்பிக் கொண்டாராது.

முடி போய் இரும்பை என்ன பண்ணும்னு கேட்ட. 2020ல அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில இதையே கேட்டிருக்காங்க. முடியைவிட எஃகு 50 மடங்கு கெட்டி. இருந்தும், முடி வளைஞ்சு ஒரு சாய்ப்புல மோதும்போது, வாயில இரும்பு ஒரே சீரா இல்லாத இடத்துல ஓரம் பேந்து வருதாம். பேத்தி பேப்பர்ல படிச்சுச் சொன்னா. இதுக்கு எங்க அப்பன் மைக்ராஸ்கோப் இல்லாமயே மருந்து வச்சிருந்தாரு: சுடுதண்ணித் துணியை மோவாயில போட்டு, ஆளை ஒரு வெத்திலை போட்டு முடிக்கிற வரைக்கும் உக்கார வை. முடி ஊறிட்டா கத்திக்கு ஆயுசு. அவசரக்காரன் தாடிதான் கத்திக்கு எமன்.

வேலை முடிஞ்சதும் கழுவு, துடை, பிடிக்குள்ள ஈரம் நிக்காம பார்த்துக்க, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவு. ஐப்பசி அடைமழையில ரெண்டு நாள் மறந்தாப் போதும், துரு தானா வந்து குடியேறும்.

சவரக் கடையில இந்தக் கத்தியெல்லாம் காணோமேங்கிற. 1986ல மெட்ராஸ்ல சிலருக்கு எய்ட்ஸ் கிருமி இருக்கிறதைக் கண்டுபிடிச்சதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா காலம் மாறிப்போச்சு. ஆளுக்கு ஒரு புது பிளேடு, பாதியா ஒடிச்சு மாட்டு, வழிச்சு முடிச்சதும் தூக்கிப் போடு. அதுதான் சரி. ஒருத்தன் ரத்தம் பட்ட கத்தியை இன்னொருத்தன் கழுத்துல வைக்கிறது எந்தக் காலத்துலயும் பெருமை இல்ல. உன் கத்தி உன் கன்னத்தோட நிக்கட்டும்.

கன்னத்துக்கும் இப்ப வேணாம். ரெண்டு ரூபாய்க்குப் பலூன் வாங்கி ஊதி, நுரையைப் பூசி, வெடிக்காம வழிச்சுப் பழகு. பழகிட்டு என்கிட்ட வா. வந்தாலும் என் மோவாயைத் தரமாட்டேன், உங்க சித்தப்பன் மத்தியானம் திண்ணையில வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குவான், அவனைக் காட்டுறேன்.