கொட்டேஷன் அண்ணன்

மருங்காபுரி, துவரங்குறிச்சிப் பக்கம் போனால் இவரைப் பார்க்காமல் வர முடியாது. கக்கத்தில் ஒரு தடித்த ஃபைல் இருக்கும். உள்ளே முழுக்க சாஃப்ட் ஸ்டார்ட்டர் கொட்டேஷன்கள். சாஃப்ட் ஸ்டார்ட்டர்தான் இன்னும் வந்து சேரவில்லை.

தேவை என்னவோ உண்மை. அண்ணன் கல் உடைக்கும் கிரஷர் வைத்திருக்கிறார். அதில் 100 எச்பி மோட்டார். முழு லோடில் ஓடும்போது சுமார் 130 ஆம்பியர் இழுக்கும். நேரடியாக சுவிட்சைப் போட்டால் கிளம்பும்போது அதைப்போல் 6 மடங்கு கேட்கும். அதற்காகத்தான் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறார். அது கரண்டையும் மூன்றில் ஒரு பங்காக்கும், இழுவிசையையும் மூன்றில் ஒரு பங்காக்கும். ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாறும் நொடியில் ஓர் உதை. பெல்ட் அலறும். டீக்கடை பல்பு மங்கி எரியும். காயில் கட்டும் கடைக்காரர் அண்ணனைக் கண்டால் எழுந்து நின்று கும்பிடுவார்.

சாஃப்ட் ஸ்டார்ட்டர் இந்த உதையைத் தவிர்க்கும். உள்ளே இருக்கும் தைரிஸ்டர்கள் வோல்ட்டேஜைச் சிறுகச் சிறுக ஏற்றும். மோட்டார் முழு வேகம் பிடித்ததும் பைபாஸ் கான்டாக்டர் பொறுப்பை வாங்கிக்கொள்ளும். இதெல்லாம் அண்ணனுக்கு மனப்பாடம். எந்த சப்ளையரிடம் வாங்குவது என்பதில்தான் சிக்கல்.

மணப்பாறைச் சந்தையில் மாடு பிடிப்பதுபோலத்தான் இதையும் பிடிக்கப் பார்க்கிறார். சாம்பிள் பெட்டியைச் சுற்றி வருவார். முதுகில் தட்டுவார். பல்லைப் பிடித்துப் பார்க்க வழியில்லாததால் மூடியைக் கழற்றி டெர்மினலை எண்ணுவார். கடைசியில் தூக்கிப் பார்த்து, “வெயிட்டே இல்லையே தம்பி!” என்பார். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசலாம் என்று கையை நீட்டுவார். திருச்சியிலிருந்து விற்க வந்த பையன் அதைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவான்.

ஒருவர் வந்து, “கரண்ட் பில் பாதியாயிடும் சார்” என்றார். அண்ணன் அவருக்கு இரண்டாவது டீ சொன்னார். உண்மையில் மோட்டார் ஓட ஆரம்பித்த பிறகு சாஃப்ட் ஸ்டார்ட்டருக்குப் பில்லைக் குறைக்கும் வேலை கிடையாது. வேகத்தைக் கூட்டிக் குறைப்பது விஎஃப்டி என்ற வேறு சாதனம். இன்னொருவர் காலண்டர் கொடுத்தார். அந்தக் கொட்டேஷன் ஃபைலில் மேலே ஏறியது.

மூன்றாவதாக வந்தவன் விலையே சொல்லவில்லை; கேள்வி கேட்டான்.

“கிரஷர் வாயில கல் இருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணுவீங்களா சார்? ஒரு மணி நேரத்துல எத்தனை தடவை நிறுத்திப் போடுவீங்க? முழு வேகத்துக்கு எத்தனை செகண்ட் ஆகுது? சாயங்காலம் வோல்ட்டேஜ் எவ்வளவு இறங்கும்? ட்ரான்ஸ்ஃபார்மர் எத்தனை கேவிஏ?”

அத்தனையும் தேவையான கேள்விகள். வோல்ட்டேஜைப் பாதியாக்கினால் இழுவிசை கால்வாசியாகிவிடும். தண்ணீர் பம்பு பரவாயில்லை, லேசாகக் கிளம்பிக்கொள்ளும். கனத்த ஃப்ளைவீல் கொண்ட கிரஷர் அப்படியில்லை. மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும், சூடேறும். பம்புக்குப் பொருந்திய 100 எச்பி ஸ்டார்ட்டர் கிரஷருக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். என்ன லோடு என்று கேட்காமல் விலை சொல்பவர் பெட்டியை விற்கிறார், அவ்வளவுதான்.

அண்ணனின் தீர்ப்பு வேறு. “வாங்க வந்தவன் நானு. என்னையே இன்டர்வியூ பண்றான். தொழில் தெரிஞ்சவன் எதுக்குய்யா கேள்வி கேக்குறான்?”

கேள்வி கேட்ட பையன் பக்கத்து கிரஷர்காரரிடம் போனான். அவர் ஒவ்வொரு கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். ஒரே மாதத்தில் ஸ்டார்ட்டர் வந்து மாட்டியாயிற்று. அண்ணனும் ஃபைலோடு பார்க்கப் போனார். பட்டனை அமுக்கினார்கள். உதை இல்லை. பெல்ட் சத்தமில்லை. பல்பும் மங்கவில்லை. சக்கரம் அதுபாட்டுக்கு வேகமெடுத்தது.

“எப்படிண்ணே?” என்றார் பக்கத்துக்காரர்.

அண்ணன் முகம் வாடிவிட்டது. “எல்லாம் சரிதாம்ப்பா. ஆனா நம்ம மோட்டார் போட்டா மருங்காபுரிக்கே தெரியும். இது போட்டது உனக்கே தெரியலையே!”

மறுநாள் இன்னொரு கம்பெனிக்குப் போன் போட்டார். “தம்பி, சாஃப்ட் ஸ்டார்ட்டர்ல கொஞ்சம் சத்தம் வர்ற மாடல் இருக்கா? இருந்தா ஒரு கொட்டேஷன் அனுப்பு.”