ஒன்றுக்கு இருநூறு

மேல்தளத்தில் ஈ வந்து உட்கார்ந்தால் நமக்கு அது ஈ. இவருக்கு அது ஒரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் நீள மிருகம். “ஏழு மில்லிமீட்டர். இருநூறால் பெருக்குங்கள். என் மாலுமிகளைவிடக் கொஞ்சம்தான் குட்டை” என்று மூச்சை அடக்கிக்கொண்டு சொல்வார். நாமும் அடக்கிக்கொள்ள வேண்டும். கையை வீசி விரட்டக் கூடாது. வீசினால் கப்பலில் புயல். ஈ தானாக மனம் மாறிப் பறந்து போகும்வரை அந்த வீட்டில் காப்பி ஆறிக்கொண்டிருக்கும்.

கிரீஸில் பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் கம்பெனி வேலைக்கு வந்த நம் ஆட்கள் எல்லோருக்கும் இப்படி ஒருவராவது வாய்த்திருப்பார். மேல்மாடியில் குடியிருக்கும் ரிட்டயர்டு காப்டன், அல்லது சீஃப் என்ஜினியர். கடையில் மாதிரிக் கப்பல் கிட் வாங்கி ஒட்டுகிறவர்களை இவர் மனிதராகவே மதிப்பதில்லை. இவருடைய கப்பலில் பலகை, கப்பி, நங்கூரம், பீரங்கி வண்டியின் சக்கரம் எல்லாம் இவரே பேரி மரத்திலும் செப்புக் கம்பியிலும் அறுத்து, இழைத்து, ராவிச் செய்தவை. கப்பல் எது என்றால், 1820இல் ஸ்பெட்சஸ் தீவில் புபுலீனா என்ற விதவை தன் காசில் கட்டுவித்த அகமெம்னோன். 18 பீரங்கி. அடுத்த வருஷம் துருக்கி சுல்தானுக்கு எதிராகச் சுதந்திரப் போர் வெடித்ததும் அந்த அம்மாள் அதிலேறி நாஃப்பிளியோ கோட்டையை முற்றுகையிடப் போனார். இவர் கையில் அது ஒரு ஜாண்.

ஜாணாக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. உலகம் முழுவதையும் இவர் அந்த ஜாணுக்குள் அடைக்கப் பார்ப்பதில்தான் தொல்லை. எதைக் கண்டாலும் வகுத்தல், பெருக்கல். காப்பிக் கோப்பையை முன்னால் வைத்தால் “பன்னிரண்டு மீட்டர்” என்பார். தட்டில் நாம் சிந்திய பிஸ்கட் தூள் பாறாங்கல். முதல் தடவை என் மனைவியை அழைத்துப் போனபோது, வணக்கம் சொன்ன கையோடு அவள் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அப்புறம்தான் விஷயம் வந்தது: அவர் கணக்கில் தலைமுடி ஒன்றரை சென்டிமீட்டர்க் கயிறு. பாய்மரத்தில் மாலுமிகள் ஏறும் கயிற்றேணிக்குப் படிகட்ட அதுதான் சரியான கனமாம். நரைத்தது தடித்துவிடுகிறதாம், சாயம் போட்டது உடைகிறதாம். சீப்பில் வந்ததை ஒரு காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். இப்போது புபுலீனாவின் மாலுமிகள் கும்பகோணத்துத் தலைமுடியைப் பிடித்து ஏறுகிறார்கள்.

பீரங்கிக் குண்டு விவகாரம் இதைவிட மோசம். நல்லெண்ணத்தோடு நான்தான் கடுகு கொண்டுபோய்க் கொடுத்தேன். பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக இடுக்கியில் எடுத்து அளந்தார். “ஒன்றரை மில்லிமீட்டர். அதாவது முப்பது சென்டிமீட்டர்க் குண்டு. பன்னிரண்டு பவுண்டு குண்டு பதினொன்றுதான். இதைச் சுடுகிற பீரங்கியை ஏற்றினால் கப்பல் ஸ்பெட்சஸ் துறைமுகத்திலேயே உட்கார்ந்துவிடும்.” கடுகு சிறுத்தாலும் என்று நாம் பழமொழி சொல்கிறோம்; இவரிடம் கடுகு சிறுக்கவே இல்லை. மறுவாரம் கசகசாவோடு போனேன். அதுவும் இருபது சென்டிமீட்டராம். கடைசியில் குண்டுப் பெட்டிக்கு மூடி போட்டு ஒட்டிவிட்டார். மூடின பெட்டிக்குள் எவன் அளப்பான்? உள்ளே ஒன்றுமில்லை என்பது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அதுவும் அவரை இரவில் தூங்கவிடுவதில்லை என்று கேள்வி.

இந்தக் கப்பல்களுக்கு வரைபடம் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். ஹைட்ராவிலும் ஸ்பெட்சஸிலும் மேஸ்திரிகள் காகிதத்தில் கோடு போட்டுக் கட்டவில்லை. மரத்தில் வெட்டிய அச்சை வைத்து விலா விலாவாக வளைத்துக்கொண்டு போனார்கள். மிஞ்சியவை ஓவியங்கள். மார்செய் நகரத்தில் ரூ என்று ஒரு குடும்பமே கப்பல்களின் படம் வரைந்து பிழைத்தது. துறைமுகத்துக்கு வந்த கிரேக்கக் காப்டன்கள் தங்கள் கப்பலை நீர்வண்ணத்தில் எழுதி வாங்கிப் போனார்கள். அழகான படங்கள். ஆனால் எல்லாம் பக்கவாட்டுப் பார்வை. மேல்தளத்தில் சமையல் அடுப்பு எங்கே இருந்தது என்று அவற்றில் தெரியாது. அந்த அடுப்பு, ஐந்து மில்லிமீட்டர், இவரிடம் முன்பாய்மரத்துக்கு முன்னால் போய், பின்னால் வந்து, இடப்பக்கம் நகர்ந்து, மறுபடி பெயர்ந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் சுற்றியுள்ள பலகைகளைப் பிய்த்தாக வேண்டும். “என் அடுப்பைப் பற்றி இந்த மனுஷர் ஒரு நாளும் இவ்வளவு யோசித்ததில்லை” என்பது உள்ளேயிருந்து வரும் அவர் மனைவியின் குரல்.

அந்த அம்மாள் பாவம். இதில் எனக்கு நிஜமாகவே கோபம் உண்டு. சாப்பாட்டு மேஜை கப்பல்கூடமாகி வெகுகாலம் ஆயிற்று; அவர்கள் சாப்பிடுவது சமையலறை ஸ்டூலில். பிரேயஸில் ஆகஸ்ட் மாதம் நாற்பது டிகிரியைத் தொடும். அப்போதும் ஏ.சி. போடக் கூடாது, நூல் ஆடும். ஜன்னல் திறக்கக் கூடாது, தூசி வரும். பேரப்பிள்ளைகள் அந்த அறைப் பக்கமே எட்டிப்பார்க்கக் கூடாது. நாற்பது வருஷம் கடலில் இருந்துவிட்டு வீடு வந்த மனிதர், வந்ததும் மறுபடி ஒரு கப்பலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார் என்றால், அந்த வீட்டுப் பெண்மணிக்கு எப்போதுதான் கரை சேர்வது? அளவு எவ்வளவு துல்லியமாக இருந்தால் என்ன?

இதை நேரடியாகவே கேட்டேன். பதிலுக்கு ஒரு புகார்ப் பட்டியல் வந்தது, தன் மனைவி மேல் அல்ல, தன் நாட்டின் மேல். கிரேக்கர்கள் அந்தப் போரில் பேர் வாங்கியதே சொந்தக் கப்பலில் தீ வைத்து எதிரி மேல் மோதவிட்டு. 1822இல் கியோஸில் கனாரிஸ் அப்படித்தான் துருக்கி அட்மிரலின் கப்பலை எரித்தார். அதுகூடப் பரவாயில்லை, போர். கடன் வாங்கி நியூயார்க்கில் இரண்டு பெரிய ஃபிரிகேட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். பணம் ஒன்றுக்குத்தான் எட்டியது. வந்து சேர்ந்த அந்த ஒன்றை, 64 பீரங்கி ஹெல்லாஸை, 1831இல் உள்நாட்டுச் சண்டையில் போரோஸ் தீவில் வைத்து அட்மிரல் மியாவுலிஸ் வெடிவைத்துத் தகர்த்தார். அந்த அட்மிரலின் பேரைத்தான் எங்கள் ஆபீஸ் இருக்கும் கடற்கரைச் சாலைக்கு வைத்திருக்கிறார்கள். தெருப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் இவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஏரிஸ் கதையை மட்டும் இவரால் முழுக்கச் சொல்ல முடியாது. 1825இல் ஸ்ஃபக்டீரியாவில் காப்டன் சமாதோஸ் கரையில் செத்துப்போக, எகிப்தியக் கப்பல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு தப்பித்த பிரிக் கப்பல் அது. அதன் பிறகும் கிட்டத்தட்ட நூறு வருஷம் இருந்தது. ஒன்றுக்கு ஒன்று அளவு, அசல் மரம், அசல் ஆணி. 1921இல், சுதந்திரப் போர் நூற்றாண்டைக் கொண்டாட, மரியாதை செய்து கடலில் மூழ்கடித்தார்கள். “நூற்றாண்டுக்காக!” என்று இடுக்கியை மேஜையில் போட்டார். அந்த ஒரு தடவைதான் மேஜை ஆடியும் அவர் கப்பலைப் பார்க்கவில்லை. எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. ஐந்து மில்லிமீட்டர் அடுப்புக்கு அவர் இடம் தேடுவதை அதற்கப்புறம் நான் கொஞ்சம் பொறுத்துக்கொள்கிறேன், ஏ.சி. விஷயத்தில் அல்ல.

ஸ்பெட்சஸில் வருஷாவருஷம் செப்டம்பரில் ‘அர்மாத்தா’ என்று ஒரு விழா. 1822இல் நடந்த கடற்சண்டையின் நினைவாக, துருக்கிக் கொடிக்கப்பல் மாதிரி ஒன்றைக் கட்டித் துறைமுகத்தில் மிதக்கவிட்டுக் கொளுத்துவார்கள். எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் மனைவி புதுச் சேலையைப் பார்ப்பதுபோலக் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். இருட்டியதும் வாணவேடிக்கை, தீ, கரை முழுக்க ஆரவாரம், என் மனைவி போனில் வீடியோ எடுக்கிறாள். இவர் மட்டும் பைனாகுலரை இறக்கவில்லை.

“நடுப் பாய்மரம் ரொம்பப் பின்னால் நிற்கிறது.”

“எரியத்தானே போகிறது, காப்டன்?”

“எரியட்டும். தப்பாக எரிகிறதே!”