ஆறு புள்ளி மூன்று

“கீழ படிச்சதையே ஒழுங்காப் படிக்கல, மேல என்னலே படிப்பு?” என்று பெரியப்பா கேட்டார். திருநெல்வேலிக்காரர்கள் கேள்வி கேட்டால் தீர்ப்பும் அதற்குள்ளேயே இருக்கும். அப்பீலுக்கு இடமில்லை. நான் எம்.டெக். படிக்க ஆசைப்படுகிறேன் என்று அம்மா வாய்தவறிச் சொன்னதால் வந்த வினை.

அவர் கேட்டதில் தப்பில்லை. நான் பி.இ. முடித்த லட்சணம் சொந்தபந்தம் அத்தனைக்கும் தெரியும். கூடப் படித்தவர்கள் கழுத்தில் ஐ.டி. கார்டை மாட்டிக்கொண்டு ஃபேஸ்புக்கில் படம் போட்டபோது நான் எம்-3 பேப்பருக்கு ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தேன். எம்-3 என்பது மூன்றாவது செமஸ்டரில் வரும் கணக்குப் பாடம். ஃபூரியர், பகுதி வகைக்கெழுச் சமன்பாடு, இசட் டிரான்ஸ்ஃபார்ம் என்று அடுக்கடுக்காக வரும். இதில் மாட்டாமல் தப்பித்த இன்ஜினியர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்கு வாய்த்த சிநேகிதம் அப்படி என்றும் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வழியாக எல்லாவற்றையும் கிளியர் செய்துவிட்டுச் சென்னையில் ஒரு யூ.பி.எஸ். சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்தேன். ஏ.டி.எம். ஏ.டி.எம்.மாகப் போய் பேட்டரியின் வோல்டேஜைக் குறித்து, காவலாளியிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். கைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் வரும். அந்த நேரத்தில்தான் அறைத்தோழன் சொன்னான்: கேட் பரீட்சை எழுதி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. எனக்கு உயர்கல்வியின் மீது மரியாதை பிறந்தது அந்த நொடியில். ஞான வேட்கை, ஆராய்ச்சி தாகம் என்று பின்னால் விண்ணப்பத்தில் எழுதியதெல்லாம் அதற்கு அப்புறம் வந்தவை.

அப்பாவிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன்.

“படிக்கதுக்கு அவங்க ரூவா குடுப்பாங்களா?”

“ஆமாப்பா.”

“உனக்கா?”

அந்த ‘உனக்கா’வில் நாலு வருஷ ஃபீஸ் ரசீது மொத்தமும் இருந்தது. பின்னாலிருந்து அம்மா குரல் மட்டும் ஆதரவாகக் கேட்டது: “சும்மா இருங்க. கல்யாணப் பத்திரிகையில எம்.டெக்.னு போடலாம்லா.”

இந்தக் கட்டத்தில் எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் ராமானுஜனை இழுத்து வருவார். எங்கள் வீட்டில் மாமா. “ராமானுஜனே எஃப்.ஏ. ஃபெயிலுதான் மாப்ள, பயப்படாத” என்றார். நிஜம்தான். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் அவருக்கு உதவித்தொகை போனது. சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தால் உடலியல் பாடம் காலை வாரியது. 1913-இல் கையில் பட்டம் ஏதுமில்லாத அந்த மனிதருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. ஆனால் அவர் தோற்றது கணக்கைத் தவிர மற்ற பாடங்களில். நான் கணக்கிலேயே கணக்கைத் தொடங்கியவன். கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு அனுப்ப அவரிடம் தேற்றங்கள் இருந்தன. என்னிடம் இருந்தது பேட்டரி சர்வீஸ் ரிப்போர்ட்.

சரி, என் மார்க்குக்கு வருவோம். பத்துக்கு 6.3. இது எத்தனை சதவீதம் என்று கேட்டால், யார் கால்குலேட்டரைத் தட்டுகிறார் என்பதைப் பொறுத்து விடை மாறும். பத்தால் பெருக்கு என்கிறவர்கள் உண்டு. அவர்களிடம் நான் 63, கௌரவமான ஃபர்ஸ்ட் கிளாஸ் மாதிரி. 9.5-ஆல் பெருக்கு என்பது இன்னொரு கட்சி, அங்கே 59.85. முதலில் 0.75-ஐக் கழி, அப்புறம் பத்தால் பெருக்கு என்பது மூன்றாவது கட்சி, அங்கே 55.5. ஒரே ஆள், ஒரே மார்க் ஷீட். ஒரு விண்ணப்பத்தில் உள்ளே வா என்கிறார்கள், அடுத்ததில் வாசலிலேயே செருப்பை மாட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். இதில் 59.85 கொடுக்கிற வலி தனி. 60 வேண்டும் என்றிருக்கிற படிவத்தில் அதை நிரப்பினால் அடுத்த பக்கம் திறக்காது. 0.15 சதவீதத்துக்காக ஒருவன் ஒரு கம்ப்யூட்டரிடம் கெஞ்சிப் பார்த்திருக்கிறானா என்றால், பார்த்திருக்கிறான்.

என்.ஐ.டி.க்களுக்கான சி.சி.எம்.டி. கலந்தாய்வில் பொதுப் பிரிவுக்கும் ஓ.பி.சி.க்கும் 6.5 கேட்டார்கள். கதவு அடைபட்டது. நம்மூர் எம்.இ. கலந்தாய்வுக்கு 50 சதவீதம் போதும். அந்த வரியைப் படித்தபோது பெற்ற தாயைப் பார்த்த மாதிரி இருந்தது. அதைக் கடைசி ஆயுதமாக இடுப்பில் செருகிக்கொண்டு மற்ற இடங்களில் முட்டிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

(வயிற்றெரிச்சலை இங்கேயே கொட்டிவிடுகிறேன். 2020 ஆகஸ்டில், கொரோனா காலத்தில், கட்டணம் கட்டிய அரியர் மாணவர்கள் எல்லாரும் பாஸ் என்று தமிழக அரசு அறிவித்தது. பையன்கள் முதலமைச்சருக்குப் பேனர் வைத்தார்கள். ஏ.ஐ.சி.டி.இ. எதிர்ப்பு, உயர்நீதிமன்ற வழக்கு என்று அப்புறம் அந்த ஆட்டம் கலைந்தது வேறு விஷயம். நான் ஒவ்வொரு பேப்பராக முட்டி மோதிக் கரையேறி வருஷங்கள் ஆன பிறகா இதெல்லாம் நடக்க வேண்டும்?)

நடுவில் ஜெர்மனி ஆசை வேறு வந்தது. “அங்க பெரும்பாலும் ஃபீஸே கிடையாதுடா” என்று ஒருவன் கிளப்பிவிட்டான். பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும். யாரிடம் கேட்பது? என்னை ஞாபகம் வைத்திருந்த ஆசிரியர்கள் எவரும் பரிந்துரைக்கும் நோக்கத்தோடு ஞாபகம் வைத்திருக்கவில்லை. தேடிப் பிடித்து, கொஞ்சம் மறதியுள்ள ஒரு சாரிடம் போனேன்.

“எந்த பேட்ச்சுப்பா?”

“2014 சார். ட்ரிப்பிள் ஈ.”

“அப்படியா. நீயே டைப் பண்ணிக் கொண்டாந்துரு, போட்டுத் தாறேன்.”

தன்னைப் பற்றித் தானே புகழ்ந்து எழுதுவது எத்தனை கஷ்டம் என்று அன்றிரவு தெரிந்தது. பொய்யும் சொல்லக் கூடாது, உண்மையும் சொல்லக் கூடாது. ‘எடுத்த பாடத்தை முடிக்காமல் விடாதவர்’ என்று எழுதினேன். ‘ஒரே பாடத்தைப் பல செமஸ்டர்கள் தொடர்ந்து ஆழமாகக் கற்றவர்’ என்று எழுதினேன். ‘தேர்வுக் காலத்தில் எப்போதும் கல்லூரியில் காணப்படுபவர்’ என்பதையும் சேர்த்தேன். மற்றவர்கள் லீவில் ஊருக்குப் போயிருந்தபோதுகூட நான் அரியர் எழுதிக்கொண்டு அங்கேதான் இருந்தேன். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் போட்டதும் எனக்கே அந்தப் பையன்மேல் மதிப்பு வந்துவிட்டது.

சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுக்கப் படித்தார். “நல்ல பையனா இருக்கானே. இப்ப எங்க இருக்கான்?” என்றார்.

“நான்தான் சார்.”

என்னைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். கடைசி வரியில் ‘வெரி குட்’ என்று இருந்ததில் ‘வெரி’யை மட்டும் பேனாவால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நேர்மையான மனிதர்.

ஜெர்மானியர்கள் அந்தக் கடிதம் வரைக்கும் வரவே இல்லை. அவர்களிடம் மார்க்கை மாற்ற பவேரியன் ஃபார்முலா என்று ஒன்று இருக்கிறது. அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து நாம் வாங்கியதைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். எனக்கு 3.22 வந்தது. நாலுக்கு 3.22 என்று நினைத்து அறைத்தோழனுக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்த ஊரில் 1 என்பது உச்சம், 4 என்பது தட்டுத் தடுமாறிப் பாஸ். பல படிப்புகளுக்கு 2.5-க்குள் இருக்க வேண்டும். அதாவது நம் கணக்கில் 7.5. வடைக் காசு போனதுதான் மிச்சம்.

மிஞ்சியது கேட். இந்தப் பரீட்சையிடம் எனக்குப் பிடித்த குணம், எழுத வருகிறவனிடம் அது பழைய மார்க்கைக் கேட்பதில்லை. பட்டம் இருக்கிறதா, உட்கார். 65 கேள்வி, மூன்று மணி நேரம், 100 மதிப்பெண். பொதுப் பிரிவில் குறைந்தது 25 வேண்டும் என்பது விதி. பல பாடங்களில் பல வருஷங்கள் தகுதி மதிப்பெண் முப்பதைச் சுற்றியே நின்றிருக்கிறது. கல்லூரியில் இதே 25-ஐத்தான் நான் நூற்றுக்கு வாங்கிக் காட்டினேன். அங்கே ஃபெயில் என்றார்கள். இங்கே குவாலிஃபைடு என்று சான்றிதழ் அடித்துத் தருகிறார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். கல்லூரியில் நான் கற்ற ஒரே வித்தை பக்கத்தை நிரப்புவது. கேள்வியையே மூன்று விதமாகத் திருப்பிப் போட்டு, நடுவில் ஒரு பிளாக் டயகிராமுக்குக் கட்டம் கட்டி, தலைப்புக்கெல்லாம் கறுப்பு மையில் அடிக்கோடு போட்டால் 16 மார்க் கேள்விக்கு ஆறு மார்க் எங்கேயும் போகாது. கேட்டில் அந்தப் பருப்பு வேகவில்லை. ஒரு மார்க் கேள்விக்குத் தப்பான விடையை அழுத்தினால் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்கள். தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிட்டு நகர வேண்டும். வாழ்க்கையில் அதுவரை நான் செய்திராத காரியம்.

ஆச்சரியம் என்னவென்றால், படிக்க உட்கார்ந்தால் பாடம் தெரிந்தது. முதல் தடவையிலேயே பாஸ் ஆனவர்கள் பரீட்சைக்கு முந்தின ராத்திரி ‘முக்கியமான’ பத்துக் கேள்வியைப் படித்து, எழுதி, மறுநாளே மறந்துவிட்டார்கள். அரியர்காரனுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு முறையும் வேறு பத்துக் கேள்வி வரும். அதற்காக மறுபடி படித்து, மறுபடி தோற்று, கடைசியில் புத்தகத்தில் படிக்காத பக்கமே இல்லாமல் போய்விடும். எங்கள் பிரிவில் இசட் டிரான்ஸ்ஃபார்ம் சிக்னல்ஸ் பாடத்திலும் வரும். மற்றவர்களுக்கு அது ஒரு யூனிட். எனக்கு அது பக்கத்து வீடு.

ஸ்கோர் சுமாராக வந்தது. 6-க்கு மேல் இருந்தால் போதும் என்று சொன்ன ஒரு நிறுவனம் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் நாலு பேராசிரியர்கள். ஒருவர் என் கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டை விரித்தார்.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரியர் என்ற சொல் அதில் எங்கேயும் இருக்காது. கண்ணியமான தாள். ஆனால் வலது ஓரத்தில் ‘தேர்ச்சி பெற்ற மாதமும் வருடமும்’ என்று ஒரு கட்டம் உண்டு. அவருடைய ஆள்காட்டி விரல் அந்தக் கட்டத்தில் மேலிருந்து கீழாக இறங்கியது. மூன்றாவது செமஸ்டர் பாடங்கள்: நவம்பர் 2011, நவம்பர் 2011, நவம்பர் 2011. எம்-3-க்கு வந்ததும் விரல் நின்றது. நவம்பர் 2014.

“பிடித்த பாடம் எது?” என்று இன்னொருவர் கேட்டார். பதற்றத்தில் “சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்” என்று உளறினேன். விரல் மறுபடி நகர்ந்தது. அதிலும் தேதி தள்ளித்தான் இருந்தது.

“இசட் டிரான்ஸ்ஃபார்ம் தெரியுமா? ஏ பவர் என், யூ ஆஃப் என். போர்டில் போடுங்கள்.”

போட்டேன். இசட் பை இசட் மைனஸ் ஏ.

“இதே விடை வேறொரு தொடருக்கும் வரும், இல்லையா?”

“வரும் சார். இடது பக்கமாகப் போகிற தொடருக்கு, மைனஸ் ஏ பவர் என். விடை ஒன்றுதான். எந்தப் பகுதியில் ஒருங்கும் என்பதுதான் வேறு. முதலாவதற்கு வட்டத்துக்கு வெளியே, இரண்டாவதற்கு உள்ளே.”

விரல்காரர் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “இன்றைக்கு வந்த யாரும் இதைச் சொல்லவில்லை. நீங்கள் எப்படி இவ்வளவு தெளிவாக...?”

“பலமுறை எழுதியிருக்கேன் சார்.”

நாலு பேரும் சிரித்தார்கள். மேசைமேல் இருந்த பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார் ஒருவர். அவர்கள் இடம் கொடுத்தது விடைக்கா, சிரிப்புக்கா என்று எனக்கு இன்னும் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்கிற அளவுக்கு நான் முட்டாளுமில்லை.

சேர்ந்த பிறகுதான் ஒரு சமாசாரம் புரிந்தது. 12,400 ரூபாய் சும்மா வராது; வாரம் எட்டு மணி நேரம் உதவி ஆசிரியர் மாதிரி வேலை பார்க்க வேண்டும். பி.டெக். பையன்களின் லேப், அசைன்மென்ட், விடைத்தாள். விடைத்தாள்! பெரியப்பாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. “அந்தப் பிள்ளைகளப் பெத்தவங்களுக்குத் தெரியுமாலே?” என்றார்.

என்னோடு திருத்தியவன் இளங்கலையில் 9.1 வாங்கியவன். தங்கமான பையன். ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தால், “பாவம், முயற்சி செய்திருக்கிறான்” என்று பத்துக்கு ஆறு போடுவான். அவனுக்கு அந்தப் பக்கத்தில் முயற்சி தெரிந்தது. எனக்கு அதில் நான் தெரிந்தேன். கேள்வியே மூன்று உருவில் வந்திருக்கும். நடுவில் பெயரில்லாத கட்டங்களோடு ஒரு பிளாக் டயகிராம். கறுப்பு மையில் அடிக்கோடு. ஒரு மார்க் போட்டேன், அதுவும் அடிக்கோடு நேராக இருந்ததற்காக.

பையன்கள் முறையிட்டார்கள். ஸ்டெப் மார்க் கேட்டு வந்தவனிடம் “எதுடா ஸ்டெப்பு, காட்டு” என்றேன். காட்ட முடியவில்லை. கையெழுத்துப் புரியாதபடி விடையைக் கிறுக்கி வைப்பது, பக்கத்துப் பையனின் மைனஸை மாற்றிக் காப்பியடிப்பது, விடைத்தாள் கொடுத்த பிறகு பென்சிலால் ஒரு வரி சேர்ப்பது, ஒன்றும் பலிக்கவில்லை. பேராசிரியரே ஒருநாள் கூப்பிட்டு, “கொஞ்சம் தாராளமாப் போடுங்க தம்பி, எல்லாரும் உங்க மாதிரி இருக்க முடியுமா?” என்றார்.

அந்த செமஸ்டர் முடிவில் கேன்டீனில் எனக்குப் பின் மேசையில் பேச்சு காதில் விழுந்தது. “அவர் யூனிவர்சிட்டி கோல்டு மெடலிஸ்ட்டாம்டா. அரியர்னா என்னன்னே தெரியாத ஆளு. அதான் ஈவு இரக்கமே இல்ல.”

நான் திரும்பவில்லை. மறுக்கவும் இல்லை.