சுழற்றியார்

நியூயார்க்கில் சல்சா சோஷியல் நடக்கும் எந்த ஸ்டுடியோவுக்குள் போனாலும் சுழற்றியாரைத் தேட வேண்டியதில்லை. தோளில் சின்னத் துண்டு, பையில் வியர்வைக்கு மாற்ற இரண்டு மூன்று சட்டைகள், தரையில் வழுக்கிச் செல்ல அடியில் மெல்லிய தோல் ஒட்டிய காலணி. பாட்டு தொடங்குவதற்குள் ஒரு பெண்ணின் கை அவர் கைக்குள் வந்துவிடும். "ஆடலாமா?" என்ற கேள்வி அதன் பிறகு வரும். சில நாள் வராமலும் போகும்.

அவர் 'ஆன் டூ' கட்சி. அதாவது, திசை மாற்றும் அடியை முதல் தட்டில் வைக்காமல் இரண்டாம் தட்டில் வைப்பவர்கள். நடன ஆசிரியர் எட்டி டோரஸ் வகுத்துப் பரப்பிய நியூயார்க் பாணி அது. முதல் தட்டில் ஆடும் லாஸ் ஏஞ்சலிஸ் பாணிக்காரர்களைக் கண்டால் அவருக்கு மூக்கு சுளிக்கும். "பல்லேடியத்தில் இப்படியா ஆடினார்கள்?" என்பார். டீட்டோ புவெந்தேயும் மச்சீட்டோவும் மாம்போ வாசித்த அந்த பிராட்வே அரங்கம் 1966-இல் மூடப்பட்டது. சுழற்றியார் பிறந்ததே அதற்கு வெகுகாலம் கழித்துத்தான். அதை நினைவூட்டினால் பேச்சை மாற்றிவிடுவார்.

பெண்ணைச் சுற்றவிடுவதில்தான் அவருடைய புகழ் எல்லாம். அது உண்மையில் எவ்வளவு சின்ன வேலை என்பதைச் சொல்லிவிடுகிறேன். சல்சாவில் நிமிடத்துக்கு 180, 200 தட்டு என்பது சாதாரணம். மூன்று தட்டுக்குள் ஒரு சுற்று என்றால் கையிலிருப்பது ஒரு நொடி. அவள் வலப்பக்கம் சுற்றவேண்டுமானால், ஆட்டத்தை நடத்தும் லீடரின் கை முதலில் இம்மியளவு அவளுடைய இடப்பக்கம் போகும். அதை உணர்ந்து அவள் உடம்பு லேசாக முறுக்கிக்கொள்ளும். பிறகு அந்தக் கை உயர்ந்து, அவள் உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கும். முடிந்தது அவர் உத்தியோகம். பாதத்தின் முன்பகுதியில் எடையை நிறுத்துவது, முதுகு வளையாமல் பார்ப்பது, எதிரே ஒரு புள்ளியில் கண்ணை வைத்து, உடம்பு திரும்பிய பிறகும் அதை விடாமல் பிடித்து, கடைசியில் சட்டென்று தலையைத் திருப்பி மறுபடி அதே புள்ளிக்கு வந்துசேர்வது எல்லாம் அவள் பாடு. அவர் கொடுக்கவேண்டியது இரண்டு விரல், அதுவும் தளர்வாக. கட்டைவிரலுக்கு அங்கே வேலையே கிடையாது.

சுழற்றியாரின் கட்டைவிரலுக்கோ ஓவர்டைம். அவள் விரல்களை மொத்தமாக அள்ளி இறுக்கி, தலைக்கு மேலே ஆட்டுக்கல் குழவியைப் பிடித்ததுபோல் மாவாட்டுவார். ஒரு சுற்றுக்கே இடமுள்ள பாட்டில் மூன்று. இரண்டாவது சுற்றில் கைக்கடிகாரம் அவள் முடியில் சிக்கும். மூன்றாவதில் கை தலையைவிட்டு ஒரு முழம் விலகிப் போகும். கை போன பக்கம் அவளும் சாய்வாள். உடனே நோய்நாடல் தொடங்கும். "உங்களுக்கு பேலன்ஸ் போதாது." "இன்னும் கொஞ்சம் கோர் பயிற்சி செய்யுங்கள்." "கையை ஏன் இப்படி இறுக்குகிறீர்கள்?" கடைசிக் கேள்வி இறுக்கிப் பிடித்தபடியே கேட்கப்படுவது. புதிதாக வந்தவர்கள் பாவம், வீட்டுக்குப் போய்க் கோர் பயிற்சி செய்கிறார்கள்.

அவர் திருந்தாததற்குக் காரணம் நல்ல ஆட்டக்காரிகள்தான் என்பது என் கட்சி. தேர்ந்தவள் ஒருத்தி அகப்பட்டால், அவர் மாவாட்டத் தொடங்கியதுமே விரல்களை நைசாக உருவிக்கொண்டு, தானே இரண்டு சுற்று சுற்றி, தட்டு தவறாமல் வந்து நின்று, ஒன்றுமே நடக்காததுபோல் கையை நீட்டுவாள். தோள்பட்டையைக் காப்பாற்றிக்கொள்ளப் பழகிய வித்தை அது. சுழற்றியார் அதற்குள் யாரெல்லாம் பார்த்தார்கள் என்று சுற்றுமுற்றும் கண்ணை ஓட்டிவிடுவார். சாய்ந்தால் அவள் குறை, சாயாவிட்டால் இவர் திறமை. இந்தக் கணக்கில் நஷ்டம் வர வழியே இல்லை.

ஒருமுறை ஒருத்தியோடு ஆடும்போது நெற்றி வியர்வையைத் துடைக்க இடக்கையைத் தூக்கினார். அந்தக் கையில் அவள் கை இருந்தது அவருக்கு மறந்துவிட்டது. அவள் மறக்கவில்லை, அழகாக ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"நான் சொல்லவே இல்லையே!"

"உங்கள் கை சொன்னதே."

அவர் வருகிற திசையில் காலணி வார்கள் தாமாக அவிழ்கின்றன. தண்ணீர்ப் பாட்டில்கள் ஒரே நேரத்தில் காலியாகின்றன. வலது தோள்வலி ஒன்று வரிசையாகப் பலருக்குப் பரவி, அடுத்த பாட்டுக்கு வேறொருவர் வந்து கேட்டதும் குணமாகிறது. "இந்த ஊர்ப் பெண்களுக்கு ஸ்டாமினா இல்லை" என்று அவர் வருத்தப்படுவதைக் கேட்டிருக்கிறேன்.

இப்போதெல்லாம் அந்தத் தரையில் பெண்கள் லீட் செய்வது புதுமையில்லை. நரைத்த தலையோடு, மூலை நாற்காலியை விட்டு அதிகம் எழாத ஒரு அம்மாள், ஒருநாள் சுழற்றியார் கையை நீட்டியபோது மறுக்கவில்லை. "ஆடலாம். ஆனால் இந்தப் பாட்டுக்கு லீட் நான்" என்றார். சுழற்றியார் பெருந்தன்மையோடு சம்மதித்தார். ஃபாலோ செய்வதில் என்ன இருக்கிறது?

முதல் எட்டுத் தட்டு ஒழுங்காகப் போயிற்று. அடுத்ததில் அந்த அம்மாள் இரண்டு விரலைத் தளர்வாக உயர்த்தினார், ஒரே ஒரு சாதாரணச் சுற்றுக்கு. விரல் தோள் உயரம் வருமுன்பே சுழற்றியார் புறப்பட்டுவிட்டார். மூன்று சுற்று போடத் திட்டம்; இரண்டரையில் வண்டி நின்றது. முதுகு அந்த அம்மாள் பக்கம், முகம் ஸ்பீக்கர் பெட்டிக்கு நேரே.

"உங்கள் லீட் தெளிவாக இல்லை" என்றார் ஸ்பீக்கரிடம்.