பேரனை முன்னிட்டு

கடலிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் பிறந்து, அந்த ஊரிலேயே படித்து, விவாகம் செய்துகொண்டு, உத்தியோகம் பார்த்து, ஓய்வும் பெற்று, ஆயுளில் ஒரு முறையேனும் முழங்காலுக்கு மேல் உப்புத் தண்ணீர் படாமல் க்ஷேமமாக வாழ்ந்துவருகிற பெரியவர் ஒருவரைத் தரிசிக்க வேண்டுமானால், செங்கற்பட்டுக்குத்தான் வரவேண்டும். காலையில் கொளவாய் ஏரிப் பக்கம் உலாவப் போகிற கனவான்களில் இந்த ரகத்தைச் சேர்ந்தவர்கள் அநேகர். திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் ஏறினால் மாமல்லபுரம். ஆகவே சமுத்திரம் தமக்குச் சொந்தமான ஸ்தாவர சொத்து என்ற பாவனை அவர்களிடம் உண்டு. சொந்தமான வஸ்துவை யாரும் தினந்தோறும் போய்ப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. வெளியூர் உறவினரோ, விடுமுறைக்குப் பேரனோ வந்தால் மட்டும் அழைத்துப் போய்க் காட்டிவிட்டு வருவார்கள்.

காட்டுகிற முறையும் அலாதியானது. வேட்டியை மடித்துக் கட்டி, பேரனின் மணிக்கட்டை இறுகப் பற்றி, கணுக்காலை நனைக்கும் அலைக்கும் முழங்காலைத் தொட வரும் அலைக்கும் இடைப்பட்ட பத்திரமான பிரதேசத்தில் நின்றுகொண்டு, “இந்தக் கடல் இருக்கே...” என்று அவர் ஆரம்பித்தாரானால், பல்லவர்கள் கலம் செலுத்தியது, யானைகளையும் மணிக் குவியல்களையும் சுமந்த கப்பல்கள் கடல்மல்லை என்ற மாமல்லபுரத் துறையில் நின்றதைத் திருமங்கையாழ்வார் பாடியது, ஐரோப்பிய மாலுமிகள் இவ்வூரை ஏழு கோயில் என்று பெயரிட்டு அடையாளம் வைத்துக்கொண்டது, அந்த ஏழில் ஆறு தண்ணீருக்கடியில் இருப்பதாக ஜனங்கள் பேசிக்கொள்வது, 2004 டிசம்பரில் வந்த சுனாமி மணலை அரித்துச் சில பழங்கற்களை வெளியே காட்டியது ஆகிய சகலமும் காலக்கிரமப்படி வந்துகொண்டே இருக்கும். ஆறு கோயில்கள் முழுகிய விருத்தாந்தத்தை அவர் சொல்லுகிற தோரணையைப் பார்த்தால், முழுகும்போது கரையில் நின்று கணக்கெடுத்தவர் இவரேதான் என்று தோன்றும். நடுவில் கொஞ்சம் பெரிய அலையாக ஒன்று வந்துவிட்டால், பல்லவ சாம்ராஜ்யத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பேரனையும் இழுத்துக்கொண்டு மணல்மேட்டுக்கு ஓடுகிறவரும் அவரேதான்.

இப்பேர்ப்பட்டவருடைய உள்ளத்தில் கப்பலாசை புகுந்ததற்குக் காரணம் ஒரு செய்தித்தாள். 2022ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் தேதி, கோர்டெலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் என்னும் உல்லாசக் கப்பலைச் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். 200 மீட்டருக்கு மேல் நீளமும் 11 தளங்களும் உடைய அந்த வெள்ளை மாளிகையின் படத்தை மறுநாள் காலை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தவர்கள் பலர். பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டாமல் இருந்துவிட்டவர் நம்மவர்.

ஆனால், நம் நாட்டில் எழுபதை நெருங்குகிறவர் ஆசைப்படத் தகுந்த யாத்திரைகள் இன்னின்ன என்று ஒரு வரையறை இருக்கிறது. காசிக்குப் போகலாம், இராமேசுவரம் போகலாம், தேக சௌகரியம் இருந்தால் பத்ரிநாத்துக்கும் போகலாம். நீச்சல் குளமும், நாட்டிய மண்டபமும், மதுவிடுதியும் அமைந்த ஒரு கப்பலில் ஏறிப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால், மருமகள் மரியாதையை உத்தேசித்து மௌனம் சாதிப்பாள்; சகதர்மிணியோ அந்த மரியாதையைக்கூடக் காட்டமாட்டாள். ஆகவே ஒரு வியாஜம் வேண்டும். பேரக்குழந்தையைக் காட்டிலும் உத்தமமான வியாஜத்தைப் பிரம்மதேவன் இதுவரையில் சிருஷ்டிக்கவில்லை. “பேரனுக்காக” என்ற ஒரு வார்த்தையை முன்னால் வைத்துவிட்டால், கிழவர் பஞ்சுமிட்டாய் தின்னலாம், பொருட்காட்சி இராட்டினத்தில் ஏறிச் சுற்றலாம், பட்டம் விடலாம், சமூகம் ஆட்சேபிக்காது. இராட்டினத்தோடு நின்றுவந்த இந்தச் சலுகையைச் சமுத்திரம் வரைக்கும் நீட்டியதே நம்மவருடைய சாமர்த்தியம்.

பேரனுக்கு எட்டு வயது நிறைகிற மட்டும் பொறுத்திருந்தார். கோடை விடுமுறை தொடங்கிய ஒரு நாள், செய்தித்தாளிலிருந்து தலையை உயர்த்தாமலே, “பையனுக்கு லீவு விட்டாச்சு. கப்பல்ல ஒரு தடவை கூட்டிட்டுப் போகலாம்னு பாக்குறேன்” என்றார்.

“அவன் கேட்டானா?” என்றார் பாட்டியம்மாள்.

“கேக்கணுமா? புள்ளைங்களுக்கு ஆசை இருக்காதா?”

“அவன் பிரியாணி கேட்டுட்டு இருக்கான். மொதல்ல அதை வாங்கிக் குடுங்க.”

மருமகள் மெதுவாக, “இல்ல மாமா, கார்ல போனாலே இவனுக்கு வாந்தி வரும்...” என்று இழுத்தாள்.

“அது கார், இது கப்பல்” என்று சொல்லி, இதற்குமேல் சாஸ்திரத்தில் இடமில்லை என்பதுபோல் அவர் பக்கத்தைப் புரட்டினார். சம்பந்தப்பட்ட சிறுவனை அபிப்பிராயம் கேட்டபோது, அவன் கையிலிருந்த போனை விட்டுக் கண்ணெடுக்காமல், “அங்க வைஃபை இருக்குமா தாத்தா?” என்று மட்டும் விசாரித்தான். அதைச் சம்மதம் என்று பதிவு செய்துகொண்டார்கள்.

டிக்கெட் எடுத்தவன் மகன். இந்த ரகத்தாரில் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்கள் அதிகம். ஜங்ஷன் ஊரில் அது சகஜமே. ஒரு ஸ்தலத்திலிருந்து மற்றொரு ஸ்தலத்துக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பதையே ஜீவிய தர்மமாகக் கொண்டிருந்த மனிதரிடம், புறப்படும் இடம் சென்னை, சேரும் இடமும் சென்னை என்று அச்சிட்ட காகிதத்தை நீட்டினால் என்ன செய்வார்?

“ரெண்டு ராத்திரி போயி, எந்த ஊர்ல எறங்குறோம்?”

“எங்கயும் எறங்கறதில்லைப்பா. நடுக்கடலுக்குப் போயிட்டுத் திரும்பி வந்துடும்.”

“அப்ப எதுக்குப் போவுது?”

உபநிஷத்துக்களில் இடம் பெறத் தக்க இந்தக் கேள்விக்கு மகனால் விடை சொல்ல முடியவில்லை. சிறிது நேரம் சென்று பெரியவரே விடை கண்டார். ரயில்வேயில் சர்க்குலர் டிக்கெட் என்று ஒன்று உண்டு; புறப்பட்ட ஸ்டேஷனிலேயே வந்து முடியும். முகம் மலர்ந்தது, மறுகணமே சுருங்கியது. “அதுல நடுவுல எட்டு எடத்துல எறங்கலாமேடா. இதுல ஒண்ணுகூட இல்லையா?” என்று, ரயில்வேயின் பெருந்தன்மையை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டார்.

பிரயாண ஆயத்தங்கள் பற்றி விரிக்கில் பெருகும். அவோமின் மாத்திரை, நாரத்தங்காய் ஊறுகாய், எலுமிச்சம்பழம், இஞ்சி மொரப்பா ஆகியன பேரனுக்காக வாங்கப்பட்டன. வீட்டில் கிண்டிய புளிச்சோறு துறைமுகத்துப் பரிசோதனை மேஜையைத் தாண்டவில்லை. வெளி ஆகாரம் கொண்டுபோகலாகாதாம். ஊரில் விடைபெற்றபோது மட்டும் ஒரு சங்கடம் நேர்ந்தது. பக்கத்து வீட்டு முதியவர் ஒருவர், தம் பெரியப்பா ‘ரஜூலா’ கப்பலில் பினாங்குக்குப் போன கதையை எடுத்துவிட்டார். 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்டு 1970களின் தொடக்கம் வரையில் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் மலேயாவுக்குமாக ஓடிய அந்தக் கப்பலின் மேல்தட்டில், தகரப் பெட்டியும் கோரைப் பாயுமாக ஆயிரக்கணக்கில் நெருக்கிக்கொண்டு போனவர்கள் நம் ஜில்லாக்காரர்களிலும் உண்டு. அவர்கள் பிழைப்பதற்காகப் போனார்கள். நம்மவர் பிழைத்து முடித்த பிற்பாடு போகிறார். கப்பலில் சலவைக்கல் மாடிப்படி உண்டா என்று விசாரித்து வைத்திருந்தவர், அந்தக் கதையைக் கேட்ட பின் அதைப்பற்றிப் பிரஸ்தாபிக்காமலே வண்டி ஏறினார்.

கப்பல் கிளம்புமுன் அபாயகால ஒத்திகை நடக்கும். 1912இல் டைட்டானிக் முழுகிய பிறகு சர்வதேச ஒப்பந்தத்தால் ஏற்பட்ட ஒழுங்குகளின் வழிவந்தது இது. ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அவரவர்க்குக் குறித்த இடத்தில் வந்து கூட வேண்டும். மற்ற பிரயாணிகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, நம்மவர் ஒருவரே இன்ஸ்பெக்ஷனுக்கு நிற்கிறவர்போல் நிமிர்ந்து நின்று, மிதவை அங்கியின் பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, அதில் கோத்திருந்த விசில் நிஜமாகவே ஊதுகிறதா என்ற நியாயமான சந்தேகத்தால் அதை எடுத்துப் பலமாக ஊதியும் பார்த்துவிட்டார். ஒத்திகை முடிந்து சற்றைக்கெல்லாம் கப்பல் மெல்ல நகர்ந்தது. ஊதியது விசில், நகர்ந்தது வண்டி. ஆயுள் முழுதும் பழகிய காரிய காரண சம்பந்தம் இது. தாம் அனுமதி கொடுத்துத்தான் கப்பல் புறப்பட்டது என்ற திருப்தியை அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “கரெக்ட் டயம்” என்றார்.

மகன் எடுத்திருந்தது ஜன்னல் இல்லாத அறை. கடல் தெரிகிற அறைக்குக் கட்டணம் அதிகம். “கடல்தான் வெளியில சும்மா கெடக்கே” என்று பெரியவரே அதை அங்கீகரித்திருந்தார். அங்கே படுக்கையின்மீது, குளியல் துண்டைச் சுருட்டி மடக்கித் தும்பிக்கையும் காதும் வைத்து, ஊழியன் ஒரு யானை செய்து உட்காரவைத்திருந்தான். பேரன் அதைப் பிரித்து முகம் துடைக்கப் போனபோது, “டேய், கலைக்காத!” என்று அதட்டினார். கடல்மல்லைத் துறையில் கப்பலேறிய யானைகளைப் பற்றி வருஷக்கணக்காகச் சொல்லிவந்தவருக்குக் கப்பலில் கிடைத்த யானை இது ஒன்றுதானே! இறங்குகிற வரையில் அது கலையவில்லை. தாத்தாவும் பேரனும் அவர் கொண்டுபோயிருந்த ஈரிழைத் துண்டையே பயன்படுத்திக்கொண்டார்கள்.

சூதாட்ட மண்டபத்தின் கதவு மட்டும் சாத்தியிருந்தது. கப்பல் நாட்டின் எல்லையைக் கடந்தபின் திறப்பார்கள் என்றான் ஒரு பணியாள். 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் ஆட்சிக் கடலின் அகலம் 12 கடல்மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர். பெரியவருக்கு இந்த விஷயம் மிகவும் ரஸித்தது. தருமபுத்திரருடைய கஷ்டங்கள் யாவும் ஹஸ்தினாபுரம் கடலோரத்தில் இல்லாததால் விளைந்தவையோ என்று ஆராய்ந்தார். “செங்கல்பட்டுலேர்ந்து திருக்கழுக்குன்றம் தாண்டிக் கொஞ்ச தூரம் போற அளவுதாண்டா தர்மம், அதுக்கப்புறம் அவனவன் இஷ்டம்” என்று பேரனுக்கு உபதேசித்தார். பேரன் அப்போது நாலாவது ஐஸ்கிரீமில் ஈடுபட்டிருந்தான்.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் காற்று எழும்பிக் கப்பல் லேசாக அசைந்தது. மருமகள் எதிர்பார்த்தபடியே வாந்தி வந்தது. ஆனால் வந்தது பேரனுக்கல்ல. பேரனுக்காக வாங்கிய அவோமினும் எலுமிச்சம்பழமும் அவற்றுக்குரிய ஸ்தானத்தைப் போய்ச் சேர்ந்தன. ஜன்னலில்லாத அறையில், கண் ஆடவில்லை என்று சொல்ல, காதுக்குள்ளிருக்கும் சமநிலை உறுப்பு ஆடுகிறது என்று சொல்ல, இரண்டு சாக்ஷிகளும் முரண்பட்டதால் வயிறு தீர்ப்புச் சொல்லிவிட்டது. “தாத்தா, வெளிய வாங்க. தூரத்துல வானமும் கடலும் சேர்ற கோட்டையே பாருங்க, சரியாயிடும். யூடியூப்ல பாத்திருக்கேன்” என்று, மாமல்லபுரத்தில் தன் மணிக்கட்டு பிடிபட்ட அதே முறையில் அவர் மணிக்கட்டைப் பிடித்து மேல்தளத்துக்கு அழைத்துப் போய் நிறுத்தினான் பேரன்.

அவர் கோட்டைப் பார்த்தார். கோட்டின்மேல் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தான். சோழமண்டலக் கரையில் பிறந்தவனுக்குச் சூரியன் கடலில் உதிப்பானே தவிரக் கடலில் அஸ்தமிக்கமாட்டான். அஸ்தமனம் மலைக்குப் பின்னாலோ, பனந்தோப்புக்குப் பின்னாலோ, மின்சார ரயில் கம்பிகளுக்குப் பின்னாலோதான். கடலில் முழுகுகிற சூரியனைக் காணக் கன்னியாகுமரிக்குப் போகவேண்டும் என்று நாமெல்லாரும் படித்திருக்கிறோம். ஆனால் கரை மறைந்து, திருக்கழுக்குன்றத்து வேதகிரி மலையும் மறைந்து, எட்டுத் திசையும் தண்ணீராக இருக்கிற இடத்தில், வங்காள விரிகுடாவிலும் அவன் முழுகத்தானே வேண்டும்? பெரியவருடைய மயக்கம் பறந்தது. முதலில் கப்பல்காரன் கன்னியாகுமரியைச் சுற்றி அரபிக் கடலுக்குள் கொண்டுபோய்விட்டானோ என்று சந்தேகித்தார். பிறகு மணியையும் வேகத்தையும் வைத்து மனக்கணக்குப் போட்டு, அது அசாத்தியம் என்று கண்டார். அதன்பின் அவரைப் பிடிக்க முடியவில்லை. ஹைதராபாத் தம்பதிகள், வட இந்திய வியாபாரி, குளிர்பானம் கொண்டுவந்த பையன் என்று எதிர்ப்பட்டவரையெல்லாம் நிறுத்தி, மேற்கே கையை நீட்டி, “கிழக்குக் கடல்ல அஸ்தமிக்குது சார்! கிழக்குக் கடல்ல!” என்று கூவினார்.

“தினமும்தான் அஸ்தமிக்குது தாத்தா” என்றான் பேரன்.

“போடா, உனக்கு என்ன தெரியும்! நான் எழுபது வருஷமா இந்தக் கடலைப் பாக்குறேன்” என்றார். அன்றிரவு உணவுக்கூடத்தில் மூன்றாம் முறையாகப் பாயசம் வாங்கி வந்து, பேரனுக்கென்று சொல்லி, பேரன் எதிரிலேயே அருந்தினார்.

ஊர் திரும்பியபின் காலை உலாவில் நண்பர்கள் விசாரித்தார்கள். “நமக்கென்ன சார் இதெல்லாம்? பையன் ரொம்ப ஆசைப்பட்டான், கூட்டிட்டுப் போயிட்டு வந்தேன்” என்று விரக்தியோடு பதில் சொன்னார். சொல்லிவிட்டு, கேட்பாரில்லாமலே அஸ்தமன விருத்தாந்தத்தை ஆரம்பித்து, ஏரியைச் சுற்றி முடிக்கிற மட்டும் நிறுத்தவில்லை. பையனோ பள்ளிக்கூடத்துக் கட்டுரை நோட்டில், கப்பலில் லிப்ட் நன்றாக இருந்தது என்று எழுதியிருக்கிறான்.

பேத்தி ஒருத்தி இருக்கிறாள். இன்னும் இரண்டு வயது நிறையவில்லை. அவளுக்கும் கடல் என்றால் உயிர் என்று இப்போது நம்மவர் சொல்லிவருகிறார். அந்தக் குழந்தை இதுவரையில் பேச ஆரம்பிக்காதது, இந்த விஷயத்தில் அவருக்குப் பெரிய அநுகூலம்.