கழற்றி மாட்டியியல்: பத்து பாகாட் வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

இலக்கணத்துக்கு உரை கண்ட தமிழ், இயங்க மறுக்கும் பழைய கம்ப்யூட்டருக்கு உரை காணாமல் விட்டுவிட்டது. அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை. ஆய்வுக்களம், ஜொகூர் மாநிலத்துப் பத்து பாகாட். மலாக்கா நீரிணையை ஒட்டிய ஊர். காற்றில் ஈரப்பதம் எண்பது விழுக்காட்டைச் சுற்றியே இருக்கும். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளி, பாரிட் ராஜாவில், துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் இருக்கிறது. உப்புக்காற்றும் கையில் காசில்லாத மாணவரும் சேர்ந்த இடத்தில் செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்குவதும் ஓயாது, அது படுத்துக்கொள்வதும் ஓயாது என்பது ஆய்வின் கருதுகோள்.

ஊர் வரலாற்றைத் தொடாத ஆய்வை எந்தக் கருத்தரங்கும் ஏற்காது. ஆகவே: பின்வாங்கி வந்த சயாமியப் படையினர் குடிநீருக்காகப் பாறையை உளியால் குடைந்தனர் என்பது இவ்வட்டாரக் கதை. அந்தக் கிணறு என்று காட்டப்படுவது மின்யாக் பெக்குவில் இருக்கிறது. கல்லில் தண்ணீர் வராது என்று போகாமல் கருவியோடு உட்கார்ந்தவர்களை ஸ்க்ரூடிரைவர் குலத்தின் முன்னோராக நிறுவ இடமுண்டு. பக்கம் போதாமையால் நிறுவவில்லை.

இனி நோய்க்குறி. பொத்தானை அழுத்தினால் காற்றாடி சுற்றுகிறது. திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. வீட்டார் "ரொசாக்" (மலாயில் 'பழுது') என்று தீர்ப்பு வழங்கிவிடுகிறார்கள். மேல்முறையீடு செய்வோரிடையே மூன்று மரபுகள் உள்ளன.

முதலாவது தட்டல் மரபு. அப்பா, சித்தப்பா வழியாக வானொலிக் காலத்திலிருந்து இறங்கி வருவது. படித்தவர்கள் இதைக் கேலி செய்வார்கள். ஆனால் 1980இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஆப்பிள் III கணினி அடிக்கடி முடங்கியபோது, அதைச் சில அங்குலம் தூக்கி மேசையில் போடச் சொன்னது அந்த நிறுவனமே. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சில்லுகள் தம் குழியிலிருந்து மெல்ல மேலே ஏறிவிடும். விழுந்த அதிர்ச்சியில் மறுபடி உட்காரும். சித்தப்பாவுக்குக் கலிபோர்னியாவில் சாட்சி இருக்கிறது. (ஹார்ட்டிஸ்க் சுழலும்போது தட்டினால் சாட்சி மாறிவிடும்.)

இரண்டாவது ஊதல் மரபு. வாயால் ஊதினால் தூசியோடு எச்சில் ஈரமும் போய்ச் சேரும். பத்து பாகாட் காற்றில் இல்லாத ஈரமா?

மூன்றாவதாகிய அழிப்பான் மரபே கடைகளில் செல்வாக்குப் பெற்றது. கம்ப்யூட்டர் கடைத் தவுக்கே (முதலாளி) பிளக்கைப் பிடுங்குவார், பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்குவார், ரேம் பலகையைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட அழிப்பானால் தேய்ப்பார், 'டக்' என்ற ஓசை கேட்க மாட்டுவார். திரை ஒளிரும். வாங்கும் சில வெள்ளியும் அந்த 'டக்'குக்குத்தான். தூய்மைவாதிகள் ஆட்சேபிப்பர்: அழிப்பான் பொற்பூச்சையும் சேர்த்துத் தேய்க்கிறது, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலே சாலச் சிறந்தது என்பர். அவர்கள் சொல்வது சரி. ஆனால் பல பெட்டிகள் தேய்க்காமலே, வெறுமனே கழற்றி மாட்டியதிலேயே எழுந்துவிடுகின்றன. மாட்டும்போது சாக்கெட்டின் வில்முனைகள் பலகையின் பற்களை உரசி, மேலே படிந்த மெல்லிய அழுக்கைத் தாமே வழித்துவிடுகின்றன. தட்டுகிறவரும் தேய்க்கிறவரும் அறியாமல் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள்: உலோகத்தை உலோகத்தோடு புதிதாகச் சேர்த்துவைக்கிறார்கள். தட்டலும் தேய்த்தலும் ஒரே சூத்திரத்தின் பாடபேதங்கள் என்பது இக்கட்டுரையின் துணிபு.

எதைக் கழற்றுவது என்றறியக் கணினி தானே குறி சொல்லும். பல்லி எந்தத் திசையில் எத்தனை முறை கத்தினால் என்ன பலன் என்று பஞ்சாங்கம் வகுத்ததுபோல, 'பீப்' ஒலிக்கும் பலன் வகுத்திருக்கிறார்கள். கணினியை எழுப்பும் அடிப்படை நிரல் பயாஸ். அவார்ட் பயாஸில் ஒரு நெடிலும் இரு குறிலும் என்றால் கோளாறு திரைக்கான கார்டில், ஏ.எம்.ஐ. பயாஸில் அதற்கு எட்டுக் குறில். எந்தச் சம்பிரதாயம் என்று தெரியாமல் பலன் பார்த்தால் நல்ல உறுப்பைக் கழற்ற நேரும். பிற்காலப் பெட்டிகள் பலவற்றில் ஒலிப்பானே கிடையாது. அவற்றுக்குச் சிறு ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி மதர்போர்டில் செருகிய பிறகே சகுனம் கேட்கும்.

அடுத்தது காலமயக்கம். பெட்டி எழுகிறது, விண்டோஸ் திறக்கிறது, வங்கித் தளம் மட்டும் பாதுகாப்பற்றது என்று மிரட்டுகிறது. வைரஸ் என்கிறான் மூத்தவன். இன்டர்நெட் ரொசாக் என்கிறாள் இளையவள். குற்றவாளி மதர்போர்டில் படுத்திருக்கும் நாணய பேட்டரி. சிஆர்2032 என்ற பெயரிலேயே அதன் உடலளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். அதன் 3 வோல்ட் வற்றினால் கணினி ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பழைய ஆண்டின் ஜனவரி முதல் நாளில் கண்விழிக்கும். இணையதளச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதி உண்டு. கணினியின் கணக்கில் அந்த நாள் இன்னும் வரவில்லை. எனவே சான்றிதழ் செல்லாது என்று முடிவு கட்டுகிறது. கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும் ஒரு வில்லை இந்தத் தத்துவச் சிக்கலைத் தீர்க்கிறது.

எல்லாம் பிழைப்பதில்லை. மதர்போர்டில் உருளை வடிவ கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் அதிர்ச்சி வைத்தியம் பலிக்காது. 1999 தொடங்கிச் சில ஆண்டுகள் உலகெங்கும் தரமற்ற மின்பகுளி நிரப்பிய கெப்பாசிட்டர்கள் புகுந்தன. 2005இல் டெல் நிறுவனம் அத்தகைய கணினிகளைச் சரிசெய்ய 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. பழைய பவர் சப்ளைகளின் முதுகில் 115, 230 என்று ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கும். அது 115இல் நிற்க, மலேசியச் சுவரில் செருகினால் ஒலியும் புகையும் ஒருங்கே தோன்றும். அந்த பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்கலாகாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே முந்நூறு வோல்ட் அளவுக்குத் தங்கியிருக்கக்கூடும். இறந்ததைக் குப்பைத்தொட்டியில் போடவும் கூடாது. மலேசியச் சட்டத்தில் அது எஸ்டபிள்யூ110 என்ற எண் பெற்ற கழிவு.

இறவாமலே இறந்ததாக அறிவிக்கப்பட்டவையும் உள. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. 2017இல் வந்த இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய சில்லுகளில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. கை, கால் எல்லாம் சுகமாக உள்ள கணினிகள் இதனால் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வருகின்றன. லினக்ஸ் மின்ட் ஏற்றினால் அவற்றில் பல ஓடும். அவற்றை எழுப்ப ஸ்க்ரூடிரைவரும் வேண்டாம்.

எழுந்த கணினியின் ஹார்ட்டிஸ்க்கில் பழைய தமிழ்க் கோப்பு இருந்தால் கடைசிச் சோதனை அதுதான். மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் பரவிய காலத்தில், ஒருங்குறி வேரூன்றுமுன், தமிழுக்குப் பல குறியாக்கங்கள் இருந்தன. அப்படித் தட்டச்சிட்டதை இன்று திறந்தால் ஐரோப்பிய எழுத்துகள் தலையில் புள்ளியும் கோடுமாக வரிசை கட்டும். இங்கே தட்டலும் ஊதலும் தேய்த்தலும் தோற்கின்றன. கோப்பு அக்குறியாக்கங்களுள் ஒன்றான டிஸ்கியில் இருந்தால், டிஸ்கி எழுத்தை ஒருங்குறியாக்கும் மாற்றியில் ஒட்டவேண்டும். கிடைப்பது 2003ஆம் ஆண்டுத் தைப்பூச உபயப் பட்டியலாக இருக்கக்கூடும். அதில் யார் பெயருக்கு எதிரே "பாக்கி" என்றிருக்கிறது என்பது கோயில் நிர்வாகக் குழுவின் ஆய்வெல்லைக்குள் வருவதால், இக்கட்டுரை அதில் தலையிடவில்லை.