பீப்பாயும் பிரதமரும்

இத்தாலியில் தாத்தா செய்தபடியே இன்றைக்கும் ஒயின் செய்கிற குடும்பங்கள் உண்டாமே! மாற்றத் தெரியவில்லையா, மனமில்லையா?

மனமில்லை. அதை பாட்டில் மேலேயே எழுதி ஒட்டியவர் ஒருவர் உண்டு. பியட்மான்ட் பகுதியில் பரோலோ கிராமத்துக்காரர், பார்த்தோலோ மஸ்கரெல்லோ. அக்கம்பக்கத்தார் பலர் ‘பரீக்’ என்கிற சின்ன பிரெஞ்சு ஓக் பீப்பாய்களுக்குத் தாவியபோது, இவர் பழைய பெரிய பீப்பாய்களை விடவில்லை. புதிய சின்னப் பீப்பாயில் வனிலா மணம் தூக்கலாக ஏறும். அங்கே ஒயினாகும் நெபியோலோ திராட்சைக்கே உரிய ரோஜா வாசம் அமுங்கிவிடும். தன் கையால் வரைந்த லேபிளில், ‘பரீக் வேண்டாம், பெர்லுஸ்கோனி வேண்டாம்’ என்று எழுதினார். 2001-இல் பெர்லுஸ்கோனி மறுபடி இத்தாலியின் பிரதமரானார். மஸ்கரெல்லோ வீட்டில் பீப்பாய் மாறவில்லை!

அதைவிடப் பெரிய பிடிவாதம் ஒன்று உண்டு. ஒவ்வொரு தோட்டத்தின் பெயரிலும் தனித்தனி பாட்டில் போட்டால் கூடுதல் விலை கிடைக்கும். இந்தக் குடும்பமோ நான்கு தோட்டத்துத் திராட்சையையும் கலந்து ஒரே பரோலோ ஒயினாகத்தான் தருகிறது. ஒரு சரிவில் விளைச்சல் சுமாரானால் இன்னொன்று கைகொடுக்கும் என்ற பழைய விவசாயக் கணக்கு அது. எனக்கு அதுதான் சரியென்று படுகிறது. 2005-இல் பார்த்தோலோ மறைந்தார். மகள் மரியா தெரேசாவும் அதே வழியில்தான் ஒயின் செய்கிறார்.